நம்ம சுத்து, கம்பெனி சுத்து

என் பையனுக்கு அன்றைக்கு வயிறு இளகியது எதனால் என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால் தான் கொடுத்த மருந்தால் என்கிறார். மாமியாரைக் கேட்டால் வெற்றிலைக் காம்பால் என்கிறார். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதை என் கணவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. இண்டர்மீடியட்டில் ரசாயனம் எடுத்துப் படித்த பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் அல்ல அது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஆண்கள் நினைக்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் நினைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் இந்த அண்ணாமலையார் ஊரிலேயே பிறந்தவள். வேலூரில் படித்துவிட்டு, திரும்பி வந்து, பே கோபுரத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டேன். பையன் பிறந்த சில மாதங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, புளியமரங்களுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பு அது சோடா ஃபாக்டரி. முதலாளி சோடாவை விட்டுவிட்டு மருந்துக்கு வந்தவர். பழைய பழக்கத்தில் மருந்து பாட்டிலையும் காதருகே வைத்து ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். என்ன கேட்கும் என்று தெரியாது, திருப்தியாகத் தலையாட்டுவார்.

அங்கே தயாரானது ஒரே மருந்து. குழந்தைகளின் பேதிக்கு. சுத்தம் செய்த சுண்ணாம்புத் தூள், சர்க்கரை, சதகுப்பை எண்ணெய், எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பிசின். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சட்டப்படி மருந்துக்குப் பொறுப்பு, மதராஸிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்துபோகும் கெமிஸ்ட். மற்ற நாட்களில் அவருக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள ஒரு படித்த ஆள் வேண்டும். அது நான். ஒவ்வொரு ஈட்டிலும், அதாவது ஒரு தொட்டி மருந்திலும், நடுவில் பிடித்த பாட்டில் ஒன்றை எடுத்து, அசையாமல் வைத்து, அடியில் படியும் வெள்ளையின் உயரத்தை அளக்க வேண்டும். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் இன்னொரு தடவை அளப்பேன். போட்ட பிறகும் அளப்பேன்.

மருந்தைக் கலக்கியவள் எங்கள் எல்லோருக்கும் அக்கா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மரத்துடுப்பை வைத்துத் தோள் வலிக்க வலிக்கக் கிண்டிக்கொண்டிருந்தவள். கெமிஸ்ட் வற்புறுத்தியதால் முதலாளி மதராஸில் ஒரு மோட்டாரும், அதில் பூட்டிய நீளமான கம்பியும், கம்பியின் நுனியில் காற்றாடி மாதிரி ஒரு பிளேடும் வாங்கி வந்தார். அதைத் தொட்டியின் மேல் நிறுத்தினார்கள். மோட்டாரின் தலையில், அது சுற்ற வேண்டிய திசையைக் காட்ட ஒரு அம்புக்குறி பொறித்திருந்தது. ஆயுத பூஜை வந்தது. அக்கா அந்தத் தலைக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. அம்பு அதன் அடியில் போய்விட்டது.

சுவரில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் மோட்டார் ஓடும். கீழே தள்ளினாலும் ஓடும். நடுவில் நிறுத்தினால் நிற்கும். எதற்கு இரண்டு பக்கமும் என்று நான் கேட்கவில்லை. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள், நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வேலை தொடங்கும்போது பாட்டில் கழுவும் பெண்கள் அக்காவிடம் ஒன்று கேட்பார்கள்.

"அக்கா, இன்னிக்கு நம்ம சுத்தா, கம்பெனி சுத்தா?"

"வியாழக்கெழமதான்டி கம்பெனி சுத்து. இன்னிக்கு நம்ம சுத்துதான்."

எங்கள் ஊரில் சுற்று என்றால் மலையைச் சுற்றுவது. வேறு பொருள் என் மூளைக்கு எட்டவில்லை. கம்பெனி சுத்து என்றால், மருந்து வண்டி செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் கடைகளுக்குப் போய்வரும் சுற்று என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். வியாழன் தவிர மற்ற எல்லா நாளும் இவர்கள் கிரிவலம் போகிறார்கள் என்று நம்பினேன். நாள் முழுக்கப் பாட்டில் கழுவிவிட்டு, அதற்கு மேல் மலையையும் சுற்றுகிறார்களே, நான் குழந்தை பிறந்ததிலிருந்து ஒரு தடவையும் போகவில்லையே என்று எனக்குள் ஒரே உறுத்தல்.

ஐப்பசிக் கடைசியில் பையனுக்குப் பல் முளைத்தது. கூடவே பேதி. கையில் மருந்துக் கம்பெனி இருக்கும்போது என்ன கவலை? ஒவ்வொரு ஈட்டிலும் முதலில் பிடிக்கும் பாட்டிலைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது முதலாளியின் வழக்கம். சாயங்காலம் அதை யாராவது குழந்தை உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுவார். "சாமிக்கு வெச்சது. கொயந்தைக்கு விசேஷம்மா" என்று எனக்குக் கொடுத்தார். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. விசேஷம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் லேபிளில் இருந்தபடியே குலுக்கி, லேபிளில் இருந்த அளவே கொடுத்தேன்.

பேதி நின்றது. மாமியார் முதல்முறையாக என் வேலையைப் புகழ்ந்தார். பிறகு எல்லாமே நின்றது. பேதி நின்ற குழந்தை சாதாரணமாகவாவது போக வேண்டும் அல்லவா? போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதன் பிறகும் எப்போதாவது புளியங்கொட்டை அளவு, அதோடு சரி. வயிறு மத்தளம் மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் வாசலில் கோலம் போட்டபடியே, "போச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தெருவில் யாரும் எதையும் விளக்கிக் கேட்கவில்லை. போச்சா? போகல. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் செங்கம் கடைக்காரரிடமிருந்து புகார் வந்தது. அவர் கடையில் ஒரே நாளில் மருந்து வாங்கிய இரண்டு பெண்களுக்குள் சண்டையாம். ஒருத்தி பாட்டிலில் மருந்து மாவு மாதிரி. இன்னொருத்தி பாட்டிலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. கடைக்காரர் ஆள் பார்த்துக் கொடுக்கிறார் என்று இருவருமே அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வந்த கெமிஸ்டிடம் சொன்னோம். கட்டைக்குரல்காரர், எதையும் அவசரமில்லாமல் செய்வார். அன்றைய ஈட்டில் முதல் பாட்டில், நடுப் பாட்டில், கடைசிப் பாட்டில் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். அடியில் படிந்த வெள்ளை மூன்றிலும் ஒரே உயரம். அடுத்த நாள் அதேபோல நான் எடுத்து வைத்தேன். முதல் பாட்டிலில் பாதிக்கு மேல் வெள்ளை. கடைசிப் பாட்டிலில் நகக்கண் அளவு. நடுப் பாட்டில் மட்டும் சரியாக இருந்தது. நான் தினமும் அளந்து கையெழுத்துப் போட்டதும் நடுப் பாட்டிலைத்தான். முதல் பாட்டில் யார் வயிற்றுக்குள் போயிருந்தது என்று அப்போதுதான் நினைத்தேன்.

அடுத்த வியாழன் கெமிஸ்டைப் பார்த்ததும் மருந்து மறுபடியும் ஒழுங்காகிவிட்டது.

"அய்யா வந்தா மருந்துக்கே பயம்" என்றாள் அக்கா.

கெமிஸ்ட் சிரிக்கவில்லை. "இதுக்குப் பேரு டீவியேஷன்" என்றார் என்னிடம். "வழக்கத்துலேர்ந்து எங்கேயோ விலகிப் போயிருக்கு. நான் இல்லாதப்போ யாரோ எதையோ வித்தியாசமா செய்யறாங்க. ஒவ்வொருத்தரா கேளுங்க. கோவப்படாம கேளுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எது காரணம்னு ஆண்டவனுக்கும் தெரியாது."

பாட்டில் கழுவும் பெண்கள் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். டீவியேஷன் அவர்கள் காதில் தேவி ஏசன் என்று விழுந்திருக்கிறது. மதியத்துக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி: மருந்தைத் தேவி ஏசிவிட்டாள். எந்தத் தேவி, எதற்காக ஏசினாள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டேன். "நீங்க ஏதாவது வித்தியாசமா செய்யறீங்களா?" இல்லை, இல்லை, இல்லை. எல்லோரும் இல்லை. தொட்டிக்குள் தினமும் ஒரு சிட்டிகை விபூதி போடுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. முதல் கரண்டி மருந்தை மலை இருக்கும் திசையில் வெளியே தெளிப்பதும் அப்படித்தான். பிசின் ஊறும் நேரத்தில் யாரும் தும்மக் கூடாது, தும்மினால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இதெல்லாம் பேச்சோடு பேச்சாக வெளிவந்தவை. விபூதி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளைத் தூள்! ஆனால் ஒரு சிட்டிகை எப்படிப் பாதி பாட்டில் ஆகும்? அது முதல் பாட்டிலை மட்டும் தேடிப் போகுமா? சாமிக்கு வைக்கும் பாட்டில் என்பதால் போகுமோ? நான் இப்படி யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசியாக அக்காவைக் கேட்டேன்.

"நான் இன்னாத்தம்மா வித்தியாசமா செய்யப்போறேன்? அவரு வர்ற வியாழக்கெழம மட்டுந்தான் வித்தியாசமா செய்யறோம். மத்த நாளு எப்பவும் போலத்தான்."

"வியாழக்கிழமை எல்லோரும் கொஞ்சம் ஒழுங்காகத்தான் இருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பதிலை என் மடியில் வைத்துவிட்டாள். நான் மடியை உதறிவிட்டு வந்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாள் வந்தது. ஊரே ஜனம். பையன் பால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவரை அழுதுகொண்டாவது இருந்தவன் அன்று முனகத்தான் செய்தான். காலையில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு மருந்து கொடுத்தார். "சாயந்தரத்துக்குள்ள போகலைன்னா வேலூர் கொண்டு போயிடுங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்து மருந்தைக் கொடுத்தேன். மாமியார் அதற்குள் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்திருந்தார்.

"அத்தை, இப்பதான் டாக்டர் மருந்து குடுத்திருக்கேன். அது வேலை செய்யுதான்னு பார்த்துட்டு..."

"அது மேல வழி, இது கீழ் வழி. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்று சொல்லி வேலையை முடித்துவிட்டார். பிறகு தீபத்துக்கு வரும் உறவினர்களை அழைத்துவர ரயிலடிக்குக் கிளம்பினார். கணவருக்கும் பள்ளிக்கூடத்தில் தீபத்துக்காகத் தொண்டர் வேலை. குழந்தையை விட ஆளில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. பையன் அதைப் பார்த்துக்கொண்டே முனகினான். அப்போது வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கெமிஸ்ட். வியாழக்கிழமை அல்ல. தீபம் பார்க்க வந்தவருக்கு ஊரில் தங்க இடம் கிடைக்காததால், பெட்டியைக் கம்பெனியில் வைக்கலாம் என்று வந்திருக்கிறார்.

பாட்டில் கழுவும் பெண் ஒருத்தி உள்ளே பார்த்துக் கத்தினாள். "அக்கோவ்! அவரு வந்துட்டாரு! நம்ம சுத்து ஓடுதே, மாத்துக்கா!"

அக்கா பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த கைப்பிடியைக் கீழேயிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து மேலுக்கும் தள்ளினாள். மோட்டார் முனகி, நின்று, எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. அடியில் கிடந்த சுண்ணாம்பெல்லாம் பொங்கல் பானை பொங்குகிற மாதிரி திரண்டு மேலே வந்தது. தண்ணீராக இருந்த தொட்டி என் கண்ணெதிரே பாலானது.

கெமிஸ்ட் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றார். "என்ன சுத்து?" என்றார்.

அக்கா மோட்டாரின் தலையைப் பார்த்தாள். அவர் பெட்டியை வைத்துவிட்டு, மோட்டாரின் தலையிலிருந்த சந்தனத்தைச் சாவியால் சுரண்டினார். அம்பு வெளியே வந்தது. இடப்பக்கமாக, மலையைச் சுற்றுவதற்கு நேர் எதிராக.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "நான்தான் சார் எலக்ட்ரீசியனை விட்டு ரெண்டு பக்கமும் ஓடற மாதிரி செய்யச் சொன்னேன். மலையையே வலமா சுத்துற ஊரு. இங்க கொயந்தைங்க மருந்தை அப்பிரதட்சணமா சுத்தலாமா? நீங்க வர்ற அன்னிக்கு உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு கம்பெனி சுத்து சுத்தினோம்."

"இடப்பக்கம் சுத்தினாத்தாங்க அந்த பிளேடு மருந்தைக் கீழே தள்ளி அடியில இருக்கறதைக் கிளப்பும். வலப்பக்கம் சுத்தினா வெறும் மேல்தண்ணியை இழுத்து விளையாடும். பாட்டில் பிடிக்கிற குழாய் அடியில இருக்கு. முதல் பாட்டில்ல சுண்ணாம்பு, கடைசிப் பாட்டில்ல தண்ணி."

"அப்ப பிளேடைத் தலைகீழா மாட்டிட்டு வலப்பக்கம் சுத்தலாமே?" என்றார் முதலாளி. உடனே மாட்டவும் வைத்தார். வலமாக ஓட்டினார்கள். அடியில் சுண்ணாம்பு அப்படியே கிடந்தது. முதலாளி நம்பாமல் குனிந்து பார்த்தார்.

"திருகாணியைத் தலைகீழாப் பிடிச்சா மரை சுத்தற பக்கம் மாறிடுமாங்க?" என்றார் கெமிஸ்ட்.

முதலாளி கம்மிய குரலில், "மருந்து கீழேர்ந்து பார்த்தா நம்ம இடம் அதுக்கு வலம்தானே சார்?" என்றார். கெமிஸ்ட் வெகுநேரம் யோசித்துவிட்டு, அது உண்மைதான் என்றார். முதலாளி முகம் தெளிந்தது. இனிமேல் மருந்தின் பக்கத்திலிருந்தே பார்ப்பது என்று அங்கேயே முடிவாகி, கைப்பிடி மறுபடியும் மேலே போனது.

என்னால் எதையும் ரசிக்க முடியவில்லை. தினமும் அந்தத் தொட்டி முன்னால் நின்றவள் நான். அது தவறாகச் சுற்றுவதாக ஒரு நாளும் தோன்றவில்லை. மிகவும் சரியாகச் சுற்றுவதாகத்தான் தோன்றியது. என் பையன் தலை என் தோளில் கனத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா ஓடிவந்தாள். "இன்னாம்மா, இன்னும் போகலியா? சாமிக்கு வெச்ச பாட்டில்தானே குடுத்தே?" என்று கேட்டு, ஒரு கணம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையிலிருந்து வாங்கினாள். "நம்ம சுத்துல கட்டிக்கிச்சு. கம்பெனி சுத்துல அவுந்துடும் பாரு."

நான் தடுத்திருக்க வேண்டும். கெமிஸ்ட் தடுத்திருக்க வேண்டும். முதலாளியோ, "ஐயோ, அப்பிரதட்சணமா!" என்று கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். அக்கா குழந்தையை மார்போடு அணைத்து, அம்பு காட்டிய பக்கமே தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பெண்கள் எல்லோரும் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் மருந்தும் சுற்றியது, அக்காவும் சுற்றினாள். பையனின் முகம் சிவந்தது. கால்களை மடக்கினான்.

"போச்சு!" என்று அக்கா கத்தினாள். "யம்மா, போச்சு! என் பொடவ போச்சு!"

அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு ஆரவாரத்தை நான் பிறகு கேட்டதில்லை. முதலாளி கற்பூரம் தேடினார். பையன் எல்லோரையும் பார்த்து, பசி வந்தவனாகக் கத்தினான். நான் அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்து கெமிஸ்டைக் கேட்டேன். "எதனால் சார்? மருந்தா, காம்பா...?" மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு சொன்னேனா இல்லியாம்மா?" என்றார் அவர். தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூணு மாத்தியிருக்கீங்க. எனக்குத் தெரியாது" என்றார்.

கடைகளிலிருந்து பழைய பாட்டில்களைத் திரும்ப வாங்க வண்டி போனது. தண்ணீர்ப் பாட்டில்களைச் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். கெட்டிப் பாட்டில் வைத்திருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். அதுதான் நல்ல மருந்தாம். கீழ்பென்னாத்தூரில் ஒரு அம்மாள் ஒளித்தே வைத்துவிட்டார். நானே வீடு தேடிப் போய், என் பிள்ளையின் கதையைச் சொல்லிக் கெஞ்சி வாங்கி வந்தேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் பல் முளைக்கிறது. எங்கள் கம்பெனி மருந்து எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்காமலே கட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் மறுபடியும் "போச்சா?" தொடங்கிவிட்டது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அலமாரியில் இருக்கிறது. மாமியார் வெற்றிலைக் கட்டு வாங்கி வைத்திருக்கிறார். அக்கா நேற்று, "கூட்டியாயேம்மா, தொட்டி சும்மாத்தானே கீது" என்றாள்.

இந்தத் தடவை ஒன்றை மட்டும் செய்து, எதனால் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் எதை முதலில்? மருந்தை முதலில் கொடுத்து அது கேட்காவிட்டால், காத்திருந்த நேரமெல்லாம் குழந்தைக்குக் கஷ்டம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் குழந்தைக்குச் சுகம், எனக்கு ஆயுசுக்கும் சந்தேகம். தொட்டியைச் சுற்றினால், அண்ணாமலையார் ஊரில் தெரிந்தே அப்பிரதட்சணம். சுற்றாமல் விட்டால், ஒருவேளை அதுதான் காரணமாக இருந்து, படித்த கர்வத்தால் பிள்ளையைத் தவிக்கவிட்டவள் ஆவேனோ?

இதைப் படிக்கும் தாய்மார்கள் எனக்கு வழி சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எது பலித்தது என்று எழுதுங்கள். ஆனால் தயவுசெய்து ஆளுக்கு ஒன்றை மட்டும் எழுதுங்கள்.